தாளா, டேப்பா, போனா, லிங்க்கா? நீரிழிவு கிளினிக்கில் மனநிலையைக் கேட்டறிய ஓர் ஒப்பீடு

மருத்துவ மேற்படிப்பு படிக்கும் ஒரு டாக்டர் தங்கை சென்ற மாதம் போன் செய்தார். அரசு மருத்துவமனை ஒன்றின் நீரிழிவுப் பிரிவுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் மனச்சோர்வோடு இருக்கிறார்கள் என்று அவர் கணக்கெடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே ஆட்களை மறுபடியும் பார்க்க வேண்டும். அவருடைய தீசிஸ் இது. "புரொஃபார்மா ரெடிண்ணா. தாள்ல எடுக்கறதா, டேப்லெட்ல எடுக்கறதா, போன் போட்டுக் கேக்கறதா, இல்ல வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பிடறதா? எது சுலபம்?" என்றார்.

நான் மருத்துவன் இல்லை. ஆய்வுகளுக்குக் களத்தில் போய்த் தகவல் சேகரிப்பது, வந்த தகவலைச் சரிபார்ப்பது, இந்த இரண்டையும் பத்து வருடமாகச் செய்துவருகிறேன். அவர் கேட்ட நான்கு வழியிலும் வேலை பார்த்திருக்கிறேன், நான்கிலும் அடிபட்டும் இருக்கிறேன். அன்று அவரிடம் ஒன்றரை மணிநேரம் பேசியதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் நிறைய மாணவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லித் தருவதில்லை.

முதலில் நான் கேட்டது அந்த புரொஃபார்மாவை, அதாவது கேள்விப் படிவத்தைத்தான். திறந்து பார்த்தால், மனநிலை பற்றி அவரே எழுதிய பதினெட்டு கேள்விகள். "நீங்கள் அடிக்கடி மனச்சோர்வு அடைகிறீர்களா? ஆம் / இல்லை" என்கிற வகை. எதில் கேட்பது என்பதற்கு முன்னால் எதைக் கேட்பது என்று முடிவாக வேண்டும். அந்தப் பதினெட்டையும் எடுத்துவிடச் சொன்னேன். கஷ்டப்பட்டு எழுதியிருந்தார், எனக்கும் சொல்ல மனசில்லை. ஆனால் சொந்தக் கேள்வியில் வரும் எண்ணை வேறு எந்த ஊர் எண்ணோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. அது எதை அளக்கிறது என்பதற்கே தனியாக ஓர் ஆய்வு செய்ய வேண்டியிருக்கும்.

இந்த வேலைக்கென்று பி.எச்.க்யூ-9 இருக்கிறது. குரோங்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூவரும் 2001-ல் வெளியிட்டது. ஒன்பதே கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொந்தரவும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது பொதுவான எல்லை. நோய் இருக்கிறது என்று அது முடிவு சொல்வதில்லை, யாரைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று காட்டுகிறது. அனுமதி வாங்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், தமிழிலும் கிடைக்கிறது.

எல்லாக் கருவியையும் இப்படிக் கேட்காமல் எடுத்துவிட முடியாது. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஈ.க்யூ-5டி வேண்டுமென்றால் யூரோகோல் அமைப்பிடம் பதிவு செய்து அவர்களுடைய தமிழ்ப் பதிப்பைத்தான் வாங்கிப் பயன்படுத்த வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தர வினாப்பட்டியலின் 26 கேள்விச் சுருக்கம் இன்னொன்று. அதன் மூல வடிவத்தை உருவாக்கிய 15 மையங்களில் மெட்ராஸும் ஒன்று என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வுக்கு 1987-ல் வந்த எடின்பரோ அளவுகோல் இருக்கிறது, பத்து கேள்விகள். அதன் தமிழ் வடிவத்தை வேலூர் மருத்துவர்கள் பரிசோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில்தான் சென்னையில் டாக்டர் மோகனின் குழு இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணை வெளியிட்டது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற நான்கே விஷயம், நூற்றுக்கு மதிப்பெண், 60-ஓ அதற்கு மேலோ வந்தால் அபாயம் அதிகம். ஒரு நல்ல வினாப்பட்டியல் எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் இல்லை.

ஏற்கெனவே பரிசோதிக்கப்பட்ட கருவி என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடவும் கூடாது. பி.எச்.க்யூ-9 தூக்கம், சோர்வு, பசி மூன்றையும் கேட்கிறது. சர்க்கரை ஏறிய ஒருவர் ராத்திரி நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார், பகலெல்லாம் அசதியாக இருப்பார். மனசு நன்றாக இருந்தாலும் அவருடைய மதிப்பெண் ஏறிவிடும். அதனால் மொத்தத்தை மட்டும் எழுதாமல் கேள்விவாரியாக எண்ணிக்கை கொடுக்க வேண்டும். ஆர்வமின்மை, மனக்கஷ்டம் என்ற முதல் இரண்டு கேள்விகளைத் தனியாகக் காட்ட வேண்டும். அந்த இரண்டே பி.எச்.க்யூ-2 என்ற பெயரில் தனிக் கருவியாகவும் இருப்பதால் இதற்குச் சிரமமில்லை.

சொந்தக் கேள்விக்கும் இடம் உண்டு. மாதாமாதம் இலவச மாத்திரை வாங்க வருகிறாரா, நடுவில் விட்டுவிடுகிறாரா, இன்சுலினை வீட்டில் எங்கே வைக்கிறார், ஊசி யார் போடுகிறார்கள், இதையெல்லாம் அவரே எழுதிக் கேட்கலாம். இதற்கு அளவுகோல் தேவையில்லை, தெளிவான தமிழ் போதும்.

தமிழ் என்றதும் ஒன்று. "மனச்சோர்வு" என்ற சொல் நமக்குப் பழகிப் போய்விட்டது. ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அது புத்தகச் சொல். அவர் "மனசே சரியில்ல", "எதுலயும் மனசு ஒட்டல", "நெஞ்சு பாரமா இருக்கு" என்பார். பதில்களில் வரும் "பாதி நாட்களுக்கு மேல்" இன்னும் சிக்கல். யாரும் தங்கள் வருத்தத்தை அப்படி எண்ணி வைத்திருப்பதில்லை. "இருக்கும்ங்க, அப்பப்ப" என்பதுதான் பதில். பதினான்கு நாளில் எத்தனை நாள் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். வயதானவர்கள் சிலர் "ரூபாய்க்கு எட்டணா குறைஞ்சிருக்கு" என்று கணக்காகவே சொல்வார்கள். ஒருவரிடம் ஒரு மாதிரியும் இன்னொருவரிடம் வேறு மாதிரியும் விளக்கினால் அளவுகோலே வளைந்துவிடும். விளக்கம் கொடுப்பதென்றால் என்ன விளக்கம் என்று எழுதிவைத்து எல்லோருக்கும் அதையே சொல்ல வேண்டும்.

சரி, இப்போது நான்கு வழிகளுக்கு வருவோம்.

தாள்

தாளை மட்டமாகப் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். சார்ஜ் போகாது, கீழே விழுந்தால் உடையாது, எதிரில் இருப்பவர் அதைப் பார்த்துப் பயப்பட மாட்டார். ஓரத்தில் பேனாவால் ஒரு வரி எழுதிவைக்கலாம். "மகன் பக்கத்தில் நின்றான், பதில் சொல்லத் தயங்கினார்" என்ற மாதிரி வரிகள் பிற்பாடு எவ்வளவு உதவியிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். தாளில் எழுதியதும் திரையில் தொட்டதும் வேறு வேறு பதிலைத் தருமோ என்ற பயமும் தேவையில்லை. இரண்டையும் ஒப்பிட்ட 46 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் வெளியான கட்டுரை, மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒன்றே என்று காட்டியது.

தாளின் குறை அது எப்போது நிரப்பப்பட்டது என்று சொல்லாததுதான். இதைப் பற்றி 2002-ல் பி.எம்.ஜே. இதழில் ஆர்தர் ஸ்டோன் குழுவின் ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட வலி உள்ள 80 பேரில் பாதிப் பேருக்குத் தாள் நாட்குறிப்பும் பாதிப் பேருக்கு மின்னணுக் கருவியும் கொடுத்து, மூன்று வாரம் தினமும் குறிப்பிட்ட நேரங்களில் வலியைப் பதியச் சொன்னார்கள். தாள் வைத்திருந்த கோப்புக்குள், அது எப்போது திறக்கப்படுகிறது என்று பதிவு செய்யும் ஒளி உணரியை மறைத்து வைத்திருந்தார்கள். தாளில் எழுதியிருந்த நேரங்களை நம்பினால் 90 சதவீதம் சொன்ன நேரத்தில் எழுதப்பட்டது. உணரி சொன்னது 11 சதவீதம். கோப்பே திறக்கப்படாத நாட்களுக்கும் பதில் நிரம்பியிருந்தது. மின்னணுக் கருவியில் 94 சதவீதம் உண்மையாகவே நேரத்தில் வந்தது.

அந்த நோயாளிகள் ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை. டாக்டரிடம் வெறுந்தாளைக் கொடுக்க மனம் வராமல், வருவதற்கு முன்னால் உட்கார்ந்து நிரப்பியவர்கள். நாமும் பள்ளிக்கூடத்தில் அப்படி நோட்டு எழுதியவர்கள்தானே. ஆனால் நேற்றைய வலியை இன்றைக்கு நினைவிலிருந்து எழுதினால் அது நேற்றைய வலி ஆகாது.

தங்கையின் ஆய்வில் தினசரிப் பதிவு இல்லை, அதனால் இந்த ஆபத்து குறைவு. ஆனால் இன்னொன்று இருக்கிறது. 400 பேர், ஆளுக்கு 60 கட்டங்கள் என்றால் 24,000 கட்டங்களை யாரோ எக்செல்லில் ஏற்ற வேண்டும். தீசிஸ் கொடுக்க ஒரு மாதம் இருக்கும்போது, இரவுப் பணி முடித்து வந்து அவரே ஏற்றுவார். நான் உதவிய ஓர் ஆய்வில் வயது 5 என்றும் பிரசவம் 3 என்றும் ஒரே வரிசையில் இருந்தது. 55-ல் ஒரு 5 விழுந்துவிட்டது. அது கண்ணில் பட்டது. கண்ணில் படாதவை எத்தனை என்று நினைத்தால் இப்போதும் மனசு கேட்காது.

டேப்பும் அதைப் பிடித்திருக்கும் ஆளும்

தேசிய குடும்பநல ஆய்வு 2015-16-ல் நடந்த நான்காம் சுற்றில் தாளை விட்டுவிட்டுக் கையடக்கக் கணினிக்கு மாறியது. 2019-21-ல் நடந்த ஐந்தாம் சுற்றில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அப்படித்தான் முடித்தார்கள். ஒரு தீசிஸுக்கு அந்த அளவு ஏற்பாடு வேண்டாம். ஓ.டி.கே. என்ற மென்பொருள் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, அதன் வழியில் வந்தது கோபோ டூல்பாக்ஸ். எக்செல்லில் ஒரு பத்தியில் கேள்வியையும் இன்னொரு பத்தியில் தமிழையும் எழுதி ஏற்றினால் படிவம் தயார். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், மாலையில் வைஃபை கிடைத்ததும் அனுப்பிக்கொள்ளும். கல்லூரியில் ரெட்கேப் என்ற மென்பொருள் இருந்தால் அதையும் பார்க்கலாம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-ல் மருத்துவ ஆய்வுக்கென்றே உருவானது. யார் எந்தப் பதிலை எப்போது மாற்றினார்கள் என்ற தடம் அதில் அழியாது. ஆனால் தனியாளாக வாங்க முடியாது, நிறுவனம்தான் சேர வேண்டும்.

டேப் தரும் பெரிய நன்மை, தப்பு நடக்கும் இடத்திலேயே பிடிப்பது. வயது 5 என்று போட்டால் ஏற்காது. ஆணிடம் பிரசவக் கேள்வி வராது. ஒன்பதில் ஒன்றை விட்டுவிட்டு நகர முடியாது. அப்புறம், தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் தானாகவே பதிவாகும். அறுபது கேள்வி நாற்பது நொடியில் முடிந்திருந்தால் அந்தக் களப்பணியாளரிடம் அன்றைக்கே உட்கார்ந்து பேசலாம். ஆறு மாதம் கழித்துத் தெரிந்து என்ன செய்வது?

ஆனால் டேப்பைப் பிடித்திருப்பது ஒரு மனிதர், அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வருகிறது. அமெரிக்காவில் 1995-ல் 15 முதல் 19 வயது வரையான பையன்கள் சுமார் 1,700 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிலர் தாளில் எழுதினார்கள். சிலர் கணினியில் ஹெட்போன் வழியே கேள்வியைக் கேட்டுத் தாங்களே பொத்தானை அழுத்தினார்கள். ஆணோடு ஆண் உறவு கொண்டதாகச் சொன்னவர்கள் தாளில் 1.5 சதவீதம், ஹெட்போனில் 5.5 சதவீதம். 1998-ல் சயின்ஸ் இதழில் வந்தது. கேள்வியும் அதே, வயதும் அதே. யார் கேட்கிறார்கள், யார் பார்ப்பார்கள் என்ற பயம் குறைந்ததும் மூன்றரை மடங்குக்கு மேல் பதில் மாறியிருக்கிறது.

நம் ஓ.பி.யில் இதே விஷயம் மாமியார் உருவத்தில் வரும், கணவர் உருவத்தில் வரும், சில சமயம் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரர் உருவத்தில் வரும். ஒரு அக்கா என் முன்னால் எல்லாக் கேள்விக்கும் "இல்ல, இல்ல" என்றே சொல்லி முடித்தார். அவர் கணவர் சீட்டு வாங்க எழுந்து போனதும், "தம்பி, அந்த அஞ்சாவது என்ன கேட்டீங்க? இன்னொருக்கா கேளுங்க" என்றார். மறுபடி கேட்டோம். மதிப்பெண் 2-லிருந்து 14 ஆனது. அன்றிலிருந்து தனி மூலையும் தனி நாற்காலியும் இல்லாமல் மனநிலைக் கேள்வியைத் தொடங்குவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

டேப்பிலேயே இதற்கு வழியும் இருக்கிறது. உடல்நிலை, மாத்திரை, குடும்ப விவரம் எல்லாவற்றையும் களப்பணியாளர் கேட்டுவிட்டு, மனநிலைப் பகுதி வந்ததும் டேப்பை நோயாளியின் கையில் கொடுத்துவிடலாம். ஓ.டி.கே.யில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒலிப்பதிவு சேர்க்க முடியும். படிக்கத் தெரியாதவர் ஹெட்போனில் கேட்டுத் தொட்டால் போதும். பதில் பொத்தான்களை நிறம் வைத்தோ, நிரம்பிவரும் நான்கு குவளைப் படம் வைத்தோ காட்டலாம். ஒரு நாள் பழக்கினால் அறுபது வயதுக்காரர்களும் செய்கிறார்கள். பேரனோடு வீடியோ காலில் பேசிப் பழகிய கைகள் அவை.

போன்

போனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதல் சந்திப்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தெரியாத எண் என்றால் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் "லோன் வேணாம்ங்க" என்று வைத்துவிடுவார்கள். சீட்டில் எழுதியிருக்கும் எண் பல சமயம் மகனுடையது. மகன் வேலையில் இருப்பார், அம்மா வீட்டில் இருப்பார். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசும் வழக்கமும் உண்டு. அப்போது வீடே கேட்கிறது.

ஏற்கெனவே நேரில் பார்த்துப் பேசிய நோயாளியிடம் போன் அருமையாக வேலை செய்யும். "போன மாசம் ஓ.பி.ல பேசினோமே, அந்த டாக்டர்மா" என்றால் குரலே மாறும். எந்த நேரத்தில் கூப்பிடலாம், யார் எடுப்பார்கள் என்று முதல் நாளே கேட்டு எழுதிவைத்தால் பாதி வேலை முடிந்தது.

லிங்க்கும் ஆப்பும்

எல்லோரையும் இழுப்பது இதுதான். கூகுள் ஃபார்ம் பத்து நிமிடத்தில் தயார், ஒரு தட்டில் ஐந்நூறு பேருக்குப் போய்விடும், பதில்கள் தானே எக்செல்லில் விழும். ஆசை வருவதில் தப்பில்லை.

இது உண்மையிலேயே பெரிய காரியம் செய்த இடமும் உண்டு. 2020 மார்ச்சில் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் கோவிட் அறிகுறிகளைக் கேட்கும் ஓர் ஆப்பை வெளியிட்டார்கள். சில வாரங்களிலேயே இருபத்தாறு லட்சம் பேர் தங்கள் உடம்பைப் பற்றிப் பதிந்தார்கள். வாசனை தெரியாமல் போவது கோவிட்டின் வலுவான அடையாளம் என்று அந்த வசந்தத்திலேயே சொல்ல முடிந்தது அந்தப் பதில்களால்தான். வீடு வீடாகப் போக முடியாத நேரத்தில் வேறு எந்த வழியிலும் அது நடந்திருக்காது.

ஆனால் அவர்களுடைய கேள்வி எது எதோடு சேர்ந்து வருகிறது என்பது. தங்கையின் கேள்வி நூற்றுக்கு எத்தனை பேர் என்பது. இரண்டாவது கேள்விக்கு யார் பதில் சொல்லவில்லை என்பது தெரிந்தாக வேண்டும். குழுவில் போட்ட லிங்க்கை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் திறந்தார்கள், ஒருவரே இரண்டு தடவை நிரப்பினாரா, மகள் நிரப்பினாளா? வகுக்க வேண்டிய மொத்த எண்ணே கையில் இல்லாமல் சதவீதம் எப்படிப் போடுவது? இணைய ஆய்வுகளை எப்படி அறிக்கை செய்ய வேண்டும் என்று 2004-ல் ஐசன்பாக் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் போட்டார், செர்ரீஸ் என்று பெயர். எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள், எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையெல்லாம் தனித்தனியாகக் கேட்கும். லிங்க் அனுப்ப நினைக்கிறவர்கள் அனுப்புவதற்கு முன்னாலேயே அதைப் படித்துவிடுவது நல்லது.

அடுத்தது, யார் விடுபடுவார்கள் என்பது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்தியவர்கள் 33 சதவீதம், ஆண்களில் 57. அது சில வருடத்துக்கு முந்தைய எண், இப்போது கூடியிருக்கும். ஆனால் நீரிழிவுப் பிரிவின் வரிசை ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களால் நிறைந்தது, அதிலும் பெண்கள் நிறையப் பேர். லிங்க்கில் பதில் சொல்லப்போவது பார்வை நன்றாக உள்ள, படித்த, சொந்தமாக ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் ஆண். சர்க்கரையால் கண் மங்கிய, தனியாக இருக்கும் விதவைத் தாய் அந்த எக்செல்லில் வரவே மாட்டார். மனச்சோர்வைத் தேடிப் போகும் ஆய்வு, அது அதிகம் இருக்கக்கூடியவரை விட்டுவிட்டுத் தேடினால் அந்த எண்ணால் யாருக்கு என்ன பயன்?

தொடர்ந்து பதில் வாங்குவதும் கடினம். தொலைவிலிருந்தே நடந்த எட்டு ஆப் ஆய்வுகளில் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 2020-ல் ஒன்றாகப் பார்த்தார்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேர் ஐந்தரை நாளுக்குள் நின்றுவிட்டார்கள். மருத்துவர் சொல்லி ஆய்வில் சேர்ந்தவர்களும், அந்த நோய் உள்ளவர்களும் கூடுதலாக நீடித்தார்கள். ஆறு மாதம் காத்திருக்கப்போகும் ஆய்வுக்கு இது முக்கியமான செய்தி.

இன்னொரு ஆய்வையும் சொல்லியே ஆக வேண்டும். வினாப்பட்டியல் என்றால் ஆராய்ச்சிக்குத் தகவல் கறக்கிற கருவி என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஈதன் பாஷ் குழு, கீமோதெரபி எடுக்கும் 766 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவு வழக்கமான கவனிப்பில் இருந்தது. இன்னொரு பிரிவு வாந்தி, வலி, மூச்சுத்திணறல் போன்ற 12 அறிகுறிகளை இணையத்தில் பதிந்துவந்தது. அறிகுறி முற்றினால் செவிலியருக்கு உடனே எச்சரிக்கை போகும். 2017-ல் வெளியான முடிவில், வழக்கமான பிரிவின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம்) 26 மாதம், பதிந்துவந்த பிரிவுக்கு 31.2 மாதம். ஐந்து மாதம். புது மருந்து எதுவும் கொடுக்காமல், கேட்டதாலும், கேட்டதை ஒரு செவிலியர் படித்து போன் செய்ததாலும் கிடைத்த ஐந்து மாதம்.

ஒன்பதாவது கேள்வி

அந்த ஆய்வு நினைவுக்கு வரும்போதெல்லாம் பி.எச்.க்யூ-9-ன் கடைசிக் கேள்வியும் சேர்ந்து நினைவுக்கு வரும். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னை ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ தோன்றியதா என்று கேட்கும் கேள்வி அது.

ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு லிங்க்கைத் திறந்து, அதற்கு "கிட்டத்தட்ட தினமும்" என்று தொடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் எக்செல்லின் 213-ஆவது வரியில் போய் உட்காரும். தங்கை தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார். மூன்று வாரம் கழித்துத் திறப்பார். அந்த மனிதர் சொன்னார், நாம் கேட்டோம், கேட்டும் கேட்காதவர்களாகிவிட்டோம். இப்படி ஒரு வரியை நான் ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறேன், பதில் பதிவாகி நாற்பது நாள் ஆகியிருந்தது. நல்லவேளையாக அவர் நலமாக இருந்தார். அந்த போனை அவர் எடுக்கும்வரை எங்களுக்கு உயிர் எங்களிடம் இல்லை.

அதனால் நான்கு வழிகளையும் ஒப்பிட எனக்கு முதல் அளவுகோல் இதுதான்: ஒன்பதாவது கேள்விக்கு 1 என்று வந்தாலே, அதே நாளில் யார் பார்ப்பார்கள்? நேரில் டேப் என்றால் திரையில் எச்சரிக்கை வரவைக்கலாம், மனநலப் பிரிவு அதே வளாகத்தில் இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிப்போகலாம். தாளிலும் முடியும், களப்பணியாளர் அங்கேயே மதிப்பெண் கூட்டிப் பார்த்தால். போனில் பேசும்போது அந்தப் பதில் வந்தால் அழைப்பைத் துண்டிக்காமல் அடுத்து என்ன பேச வேண்டும் என்று எழுதிவைத்த தாள் கையில் இருக்க வேண்டும். 2022-லிருந்து இயங்கும் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐக் கொடுக்க வேண்டும், கொடுத்ததோடு நிறுத்தாமல் மறுநாள் கூப்பிட வேண்டும். ஆளில்லாத லிங்க்கில் இது எதுவும் நடக்காது. ஒன்பதாவது கேள்வியை நீக்கிய எட்டுக் கேள்வி வடிவம் இருக்கிறது. லிங்க்தான் என்று பிடிவாதமாக இருந்தால் அதையாவது எடுங்கள் என்றேன்.

எத்திக்ஸ் கமிட்டியும் இதைக் கேட்கும், கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளும் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கும்போது, பெயரும் போன் எண்ணும் மனநிலை மதிப்பெண்ணும் ஒரே ஷீட்டில் ஒருவரின் சொந்த ஜிமெயிலில் கிடப்பது சரியில்லை. பெயர் ஒரு கோப்பு, பதில் ஒரு கோப்பு, நடுவில் ஓர் எண். டேப்புக்கு ஸ்க்ரீன் லாக். இருப்பிடம் பதியும் வசதியை, தேவையில்லாதபோது அணைத்துவிடுவது.

தங்கைக்கு நான் சொன்னது

டேப். களப்பணியாளர் கேட்கும் பகுதி முதலில், பி.எச்.க்யூ-9 நோயாளியின் கையில், ஒலிப்பதிவோடு, தனி மூலையில். பத்துத் தாள் படிவங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும், டேப் நின்றுபோகும் நாளுக்கு.

ஆறு மாதம் கழித்து என்ன செய்வது என்பதில் அவர் போனில் முடித்துவிட நினைத்தார். அங்கேதான் நான் அதிக நேரம் வாதாடினேன். முதல் தடவை தனிமையில் தானே தொட்ட ஒருவர், இரண்டாம் தடவை போனில் ஒரு டாக்டரிடம் வாயால் சொல்கிறார். இரண்டாவதில் மதிப்பெண் குறைந்தால் மனசு தேறியதா, சொல்லக் கூச்சப்பட்டாரா? பிரித்துப் பார்க்கவே முடியாது. முக்கியமான அளவை முதலில் எப்படி எடுத்தோமோ அப்படியேதான் கடைசியிலும் எடுக்க வேண்டும். இந்தப் பிரிவில் அதற்கு வாய்ப்பும் இருக்கிறது, மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வருகிறார்களே. வராதவர்களுக்கு மட்டும் போன், அதுவும் போனில் எடுத்தது என்று ஒரு பத்தியில் குறித்து, தனியாகப் பகுத்து.

"வராதவங்க எத்தனை பேர் இருப்பாங்க?" என்று கேட்டார். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் ஓ.பி. வரிசையில் வர மாட்டார்கள். டேப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வரிசையில் இல்லாதவரைப் பார்க்காது. முடிந்தால் திட்டத்தின் பெண் தன்னார்வலரோடு சில நாள் வீட்டுக்குப் போய் அவர்களில் கொஞ்சம் பேரையும் சேர்க்கலாம். முடியாவிட்டால் இந்த எண் ஓ.பி.க்கு வருகிறவர்களுக்கு மட்டும் பொருந்தும் என்று தீசிஸின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

வேறு ஆய்வாக இருந்தால் வேறு சொல்லியிருப்பேன். கல்லூரி மாணவர்களின் தூக்கத்தைப் பற்றி என்றால் லிங்க்தான், ஆனால் வருகைப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனி லிங்க். கீமோ எடுப்பவர்களின் அறிகுறி என்றால் ஆப், மறுமுனையில் ஒரு செவிலியரோடு. மலைக்கிராமத்தில் நான்கு நாள் தங்கி எடுப்பது என்றால் தாளை யோசிக்காமல் எடுத்துப் போவேன்.

தங்கை அடுத்த வாரம் பத்து நோயாளிகளோடு ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு, "நான் என்ன கேட்டேன்னு உங்க வார்த்தைல சொல்லுங்க" என்று கேட்கச் சொல்லியிருந்தேன். பி.எச்.க்யூ-9-ல் வரும் "குடும்பத்தைத் தலைகுனிய வைத்துவிட்டதாக நினைத்தீர்களா" என்ற வரிக்கு ஒரு பெரியவர், "என் பொண்ணு ஓடிப்போனத யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்று எழுந்துவிட்டாராம். மனநலப் பிரிவு டாக்டரோடு உட்கார்ந்து, பொருள் மாறாமல் அந்த ஒரு வரியை எப்படிப் பக்குவமாகக் கேட்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒலிப்பதிவை அதற்கப்புறம்தான் எடுக்கப்போகிறார்கள்.